சலவை ஆலை வாசலில் ஏழாம் நாள்

சிகாகோவைப் பார்க்க வேண்டும் என்பது என் முப்பது வருட ஆசை. பகலில் கோயம்புத்தூர் நூற்பாலையில் வேலை, மாலையில் தொழிற்சங்கப் படிப்பகத்தின் சாவி, வருடா வருடம் மே தினத்தன்று சிகாகோ வீதிகளில் தொடங்கி எங்கள் ஆலை வாசலில் முடியும் ஒரு பேச்சு. இதுதான் நான். அமெரிக்க வேலைநிறுத்தங்களைப் பற்றி அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு சிறு புத்தகமும் எழுதியிருக்கிறேன். அதில் வரும் ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பது வாசகர்கள் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றாறு நவம்பரில் டொராண்டோவில் ஆலைத் தொழிலாளர் பற்றிய மூன்று நாள் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கனடா விசா கிடைத்தது. அப்படியே சிகாகோவையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. எதற்காகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கூட்டம் நடந்த மூன்று நாளும் எனக்குப் பாதி உறக்கம், பாதி விழிப்பு. பகல் இரண்டு மணிக்கு இமைகள் தாமாக மூடின. நான் மேடையில் பேசியது எனக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல இருந்தது. இடைவேளையில் காபி என்று ஒன்று கொடுத்தார்கள். எங்கள் ஊரில் டம்ளரைக் கழுவி ஊற்றும் தண்ணீருக்கு அதைவிட நிறம் அதிகம்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஞாயிறு, தீபாவளி. மீதியிருந்த நாட்களுக்கு சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் சிவநேசன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து எங்கள் லைன் வீட்டில் நான்கு வருடம் குடியிருந்து, பிறகு கனடா போனவர். ஸ்ட்ரீட்கார் என்ற டிராம் வண்டியில் எப்படி வர வேண்டும் என்று தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். நான் எதிர்ப்பக்கம் போகும் வண்டியில் ஏறி, ஏறியதும் தூங்கி, ஓட்டுநர் தோளைத் தட்டி எழுப்பியபோது ஏரிக்கரையில் இருந்தேன்.

அது ஏரியாம். கடல் என்றே நினைத்தேன். சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற வானம், நடுவில் கோடு போட மறந்துவிட்டார்கள். பெஞ்சில் நாயோடு உட்கார்ந்திருந்த கிழவரிடம், "அந்தக் கரைதானே அமெரிக்கா?" என்று கேட்டேன். அவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்தார். "நேரே இருப்பது கனடாதான். அமெரிக்கா கொஞ்சம் இடப்பக்கம்." இடப்பக்கமும் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருட ஆசைக்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா?

சிவநேசன் வீடு பதினேழாவது மாடியில். அவர் கனடா போன பிறகு மணந்த மனைவி பவானி கதவைத் திறந்தார். பெயர் எங்கள் பக்கத்து ஆற்றின் பெயர் என்று சொன்னதும் சிரித்தார். சமையலறையில் பாத்திரம் முழுவதும் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. மறுநாள் கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் பவானிக்கு விரதம். பகலில் தண்ணீர் மட்டும், இரவு பூசைக்குப் பிறகு ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம். ஆறாம் நாள் அதுவும் இல்லை. சூரன் போர் முடிந்து, ஏழாம் நாள் காலையில் பாறணை என்று சோறு கறியோடு விரதம் முடிப்பார்கள். அதுவரை வீட்டில் மீனும் இறைச்சியும் கிடையாது.

"நான் விரதம் பிடிக்கேல்லை அண்ணை, ஆனாலும் எனக்கும் தண்டனை" என்றார் சிவநேசன். அவருக்கு ஓர் உணவகத்தில் சமையல் வேலை.

பவானி புட்டும் சம்பலும் பரிமாறிக்கொண்டே செய்தியைச் சொன்னார். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் அவருக்கு ஏழு வருட வேலை. பன்னிரண்டு வாரமாக வேலைநிறுத்தம். இருக்கும் வேலையாட்களை நிறுத்திவிட்டு, ஏஜென்சி மூலம் தினக்கூலியாக ஆள் எடுக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் ஏழு வருடம் வேலை பார்த்தவரும் விடியற்காலையில் போன் மணிக்குக் காத்திருக்க வேண்டும். மணி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வீடு.

கையில் இருந்த புட்டு கையிலேயே இருந்தது. அமெரிக்கா ஏரிக்கு இடப்பக்கம் ஒளிந்துகொண்டால் என்ன, நான் உண்டு உறங்கும் வீட்டிலேயே ஒரு வேலைநிறுத்தம் இருந்தது. நாளை நானும் வருகிறேன் என்றேன்.

"குளிரும் அண்ணை" என்றார் பவானி.

திங்கட்கிழமை சப்வேயில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். வண்டியில் பாதிப் பேர் சட்டையில் சிவப்புப் பூ ஒன்றைக் குத்தியிருந்தார்கள். அன்று நவம்பர் பதினொன்று. நூற்றொன்பது வருடத்துக்கு முன் அதே தேதியில்தான் எட்டு மணி நேர வேலை கேட்டவர்களைச் சிகாகோவில் தூக்கிலிட்டார்கள். எங்கள் ஊரில்கூட மறந்துபோனதை இந்த நகரம் நினைவு வைத்திருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷனில் உண்டியலோடு நின்றவரிடம் ஒரு பூ வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டேன். அது போரில் இறந்த சிப்பாய்களுக்கான பூ என்று பஸ் இறங்கும்போதுதான் பவானி சொன்னார். கழற்ற மனம் வரவில்லை, இரண்டு தரப்புக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆலை வாசலில் நாற்பது பேர் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வேலைநிறுத்தம் என்றால் உட்காருவது. பந்தல் போடுவோம், ஜமக்காளம் விரிப்போம். இங்கே உட்காரவோ வழியை அடைத்து நிற்கவோ கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். காரணம் எனக்குத் தெரியும், என் புத்தகத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற துணி ஆலை நகரத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், ஆலை வாசலில் நிற்பது குற்றம் என்றார்கள். நிற்கத்தானே கூடாது என்று தொழிலாளர்கள் கைகோத்துக்கொண்டு ஆலைகளைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பனியில், ஆயிரக்கணக்கில், நாள் முழுவதும். பெண்கள்தான் அதிகம். ஆளுக்கொரு மொழி.

அந்தத் திங்கட்கிழமை வட்டத்தில் நுழைந்து நடந்தபோது, தூக்கம் கெட்ட என் கண்களுக்கு அவர்களும் தெரிந்தார்கள். தலையில் சால்வை கட்டிய இத்தாலியப் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் ஃபிளின்ட் நகரத்துக் கார்த் தொழிலாளர்கள் வந்தார்கள். நாற்பத்து நான்கு நாள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து, கார் சீட்டுகளில் தூங்கியவர்கள். அவர்கள் முகத்திலும் என்னைப் போலவே தூக்கம் இருந்தது. தகர டிரம்மில் விறகு எரிந்தது. புகை அடித்த பக்கம் எல்லோரும் ஒன்றுபோல் இருந்தார்கள்.

வட்டத்துக்குத் தலைவி மரியா. போர்ச்சுகல் தீவொன்றிலிருந்து வந்தவர், அறுபது வயது, குள்ளம், கழுத்தில் விசில். ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தால் விசில் அடிப்பார். எல்லோரும் வாசல் குறுக்கே மெதுவாக, மிக மெதுவாக நடப்பார்கள். வேன் கால் மணி நேரம் உறுமிவிட்டு உள்ளே போகும். போன வருடம்வரை இப்படி வெளியாட்களைக் கொண்டுவரச் சட்டமே இடம் கொடுக்கவில்லையாம். சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

பத்து மணிக்கு மரியா ஒரு பெரிய பானையில் சூப்பும், ஒரு பெட்டி டோனட்டும் கொண்டுவந்தார். டோனட் என்பது நம் மெதுவடைக்குச் சர்க்கரை வியாதி வந்தால் எப்படியோ அப்படி. தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள். ஒன்பதாவது பெண் ஸ்ரெல்லா, மன்னார்க் கத்தோலிக்கர். முருகனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் காருக்குள் போய்க் குனிந்து உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார்.

"விரதக்காரருக்கு முன்னாலை எப்பிடி அண்ணை சாப்பிடுறது?" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு.

செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை பனி விழுந்தது. பஞ்சாலையில் காலம் கழித்தவனுக்குக் காற்றில் வெள்ளையாக மிதப்பது புதிதல்ல, ஆனால் அது சத்தமில்லாமல் மிதப்பது புதிது. கையை நீட்டினால் உட்கார்ந்து, கரைந்துபோனது. நான் வட்டத்தை விட்டு விலகி வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்து நின்றேன். அந்த நேரத்தில்தான் மரியா ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு வந்தார். பத்திரிகை நிருபர், கையில் குறிப்பேடு.

"இவர் அவர்களுடைய மொழி தெரிந்தவர்" என்று என்னைக் காட்டினார் மரியா. பிறகு என்னைப் பார்த்து, "மூன்று நாளாகப் பெண்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இது உண்ணாவிரதப் போராட்டமா?" என்று கேட்டார்.

இது முருகனுக்கு விரதம், சனிக்கிழமை முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஆங்கிலம்கூட அதிகம் வேண்டாம். ஆனால் பனி விழுந்துகொண்டிருந்தது. பவானியும் மற்றவர்களும் வட்டத்தின் அந்தப் பக்கத்தில் புகைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். என் புத்தகத்தின் ஐம்பத்தொன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. கலிபோர்னியாத் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம், அதன் தலைவர், 'அவர் இருபத்தைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்' என்ற வரி. அந்த வரிக்கு நடுவிலேயே நான் நிற்பது போல இருந்தது.

"ஆமாம்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "எங்கள் வழக்கம் அது. முதலாளி பேச வரும்வரை சாப்பிட மாட்டார்கள்" என்றும் சேர்த்தேன். நிருபர் தலைகளை எண்ணினான். ஒன்பது என்று எழுதிக்கொண்டான். மரியா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, டிரம்மில் விறகைத் தள்ளப் போனார்.

வியாழக்கிழமை பத்திரிகையில் படத்தோடு வந்தது. பவானி முன்னால், பெயரோடு. அதன்பின் வாசலே மாறிப்போனது. விரிப்பு ஏற்ற வந்த லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர் வட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாதவர்கள் விறகும் கம்பளியும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு நர்ஸ் வந்து வரிசையாக ரத்த அழுத்தம் பார்த்தார். பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, கனடாவில் சஷ்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தார்கள். சாண்ட்விச்சை எடுக்கக் காருக்குப் போன ஸ்ரெல்லாவைக் கேமராவோடு ஒருவன் பின்தொடர்ந்தான். அவர் கார்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

பிற்பகலில் யாரோ பத்திரிகையை ஸ்ரெல்லாவிடம் கொடுக்க, ஸ்ரெல்லா பவானியிடம் காட்டினார். பவானி அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அண்ணை, இது உங்கட வேலைதானே?"

எனக்கு உள்ளூரப் பெருமை. ஆமாம் என்றேன். லாரிகள் திரும்பியதைப் பார்த்தீர்களா என்றேன்.

"உங்கட ஊரிலை சாப்பிடாமல் போராடுறது எப்பிடி அண்ணை நடக்கும்?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். உண்ணாவிரதம் என்றால், காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து பத்து மணிக்குப் பந்தலில் உட்காருவோம். மைக், பேச்சு, பாட்டு. மாலை ஐந்து மணிக்குப் பெரிய மனிதர் ஒருவர் எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்துவைப்பார். நானே பதினேழு தடவை இருந்திருக்கிறேன்.

பவானி சிரிக்கவில்லை.

"எங்கட ஊரிலை உப்பிடி இல்லை. கோயில் வாசல் மேடையிலை ஒரு பிள்ளை தண்ணியும் குடியாமல் கிடந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் போய் வரிசையிலை நிண்டு பாத்தனாங்கள். முதல்லை கதைச்சது. பேந்து தலையை மட்டும் திருப்பிச்சுது. பேந்து அதுவும் இல்லை." கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "அந்தச் சொல்லை நான் வாயாலை சொல்லி ஒம்பது வருசம், அண்ணை. நீங்கள் அதை என்ர பேருக்குப் பக்கத்திலை போட்டிட்டியள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை வெட்கம் என்ற ஒன்று எனக்கு இந்த விஷயத்தில் தோன்றவே இல்லை என்பது இன்னும் வெட்கம். இப்போதே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இப்ப சொன்னால் கொம்பனி எங்களைக் கள்ளியள் எண்டும். பன்ரண்டு கிழமை நடந்தது எல்லாம் போச்சு. சொல்லாமல் விட்டால், முருகனுக்கு எண்டு பிடிச்ச விரதத்தைக் காட்டி நான் ஊரை ஏமாத்தினவள்." இறங்க எழுந்துகொண்டே, "சும்மா இருங்கோ. நான் யோசிக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகம் இறங்கி வந்தது. திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று கடிதம் அனுப்பியது. அதுவும் பெண்கள் உறுதியாக இருந்தால்தான், அடுத்த நாளே பிரியாணி சாப்பிடும் படம் வந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மரியா விசிலை ஊதிக்கொண்டு வட்டத்துக்குள் ஆடினார். நான் மட்டும் நாட்களை எண்ணினேன். விரதம் சனியோடு சரி. ஞாயிறு பாறணை. பேச்சு திங்கள்.

சனிக்கிழமை சிவநேசன் நண்பரின் காரை வாங்கிக்கொண்டு எங்களை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அழைத்துப்போனார். ஊரெல்லாம் இரவல் போய்த் தேய்ந்த அந்தக் கார் பாதி வழியில் முனகி நின்றது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். அன்று பாலும் பழமும்கூட இல்லாத பவானியும் தள்ளினார். கோயில் முற்றத்தில் பனி. சேலைக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்ட பெண்கள், தொப்பி போட்ட குழந்தைகள், வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட் மாட்டிய குருக்கள். சூரனின் தலை ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தது. யானை முகம் போனால் சிங்க முகம். அந்தப் பனிக்குள் வேல் வந்தபோது கூட்டம் எழுப்பிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. இது எந்த ஊர், எந்த வருடம் என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

பவானி கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். காரில் ஏறும்போது, "விரதம் முடிஞ்சுது. நாளைக்குக் காலமை சமைக்க வேணும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஞாயிறு விடிவதற்குள் வீடு முழுவதும் மணத்தது. கத்தரிக்காய், வாழைக்காய், பயிற்றங்காய், பருப்பு, அவியல் என்று பதினொரு கறி எண்ணினேன். சாமிக்குப் படைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் வாழை இலையில் பரிமாறினார். தனக்கு இலை போடவில்லை. ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"பவானி, சாப்பிடேல்லையே?" என்றார் சிவநேசன், சோற்றுக் கையோடு எழுந்து.

"விரதம் நேற்றோடை சரி. இனி மற்றது" என்றார் பவானி. கதவு சாத்திய சத்தம் கேட்டது. என் வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியவில்லை என்று எழுத ஆசைதான். விழுங்கினேன். பசித்தது.

வாசலுக்குப் போனதும் நான் மரியாவை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது போராட்டமல்ல, கடவுளுக்கு விரதம், நான் சொன்னது பொய். மரியா விறகு பிளந்துகொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியும். எங்கள் தீவில் நாற்பது நாள் தவக்காலம் இருப்போம். கடவுளுக்காகச் சாப்பிடாதவள் எப்படி மறுப்பாள் என்று எனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே மறுப்பாள்."

"பிறகு ஏன் என்னைக் கேட்டீர்கள்?"

"நான் சொன்னால் பொய். நீ சொன்னால் மொழிபெயர்ப்பு." கோடரியைக் கீழே வைத்தார். "நேற்றோடு முடிந்ததுதானே? நானும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமைவரை யாரும் படம் எடுக்கும்படி சாப்பிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்."

இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். பவானி காலையில் சாப்பிடவில்லை, இனிமேலும் சாப்பிடப் போவதில்லை என்று சொன்னேன். மரியா விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருவருமாகப் போய்ப் பவானியைக் கெஞ்சினோம். அவர் நடையை நிறுத்தவில்லை. நாங்கள் கூடவே நடந்தோம்.

"மரியாவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. ஆறு நாள் முருகனுக்கு. அது எனக்கும் அவருக்கும். இனி இருக்கிறது, நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பேப்பருக்குச் சொன்னதுக்கு. ஆரோ ஒராள் அதை உண்மையாக்கத்தானே வேணும்."

ஸ்ரெல்லா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். சட்டென்று விலகிக் காருக்குப் போய்ச் சாண்ட்விச்சை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "இவ்வளவு நாளும் அது முருகன்ர விரதம், எனக்கு இடமில்லை. இது ஸ்ரைக்தானே? இனி நானும் இருக்கலாம்." காலையில் பாறணைச் சோறு சாப்பிட்டிருந்த மற்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நான் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "சரி, இப்பயிலையிருந்து" என்றார் அவரே. மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

நான் அதை மரியாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அன்று வட்டத்தில் லாரன்ஸ் பெண்கள் வரவில்லை. ஃபிளின்ட் ஆட்களும் வரவில்லை. எவ்வளவு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் அந்த ஒன்பது பேர்தான் தெரிந்தார்கள். பவானிக்கு நடை தள்ளாடியதும் தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை எனக்கு விமானம். மதியம் விடைபெறப் போனேன். உள்ளே பேச்சு தொடங்கியிருந்தது. மரியா உள்ளே இருந்தார். பவானியை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து மூன்று கம்பளி போர்த்தியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"பிளேனிலை தாறதைச் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார் பவானி. "நீங்கள் பட்டினி கிடந்து எனக்கு ஒண்டும் ஆகாது." கோபமில்லாமல்தான் சொன்னார்.

விமானத்தில் தட்டு வந்தது. வேண்டாம் என்றேன். பக்கத்து சீட்டில் இருந்த ஆங்கிலேய அம்மையார் பரிவோடு, "விரதமா?" என்று கேட்டார். போன புதன்கிழமை எவ்வளவு சுலபமாக ஒரு பதில் சொன்னேன்! பசியில்லை என்றேன். அதுவும் பொய்.

லண்டனில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டொராண்டோவில் விடியட்டும் என்று பொறுத்திருந்து போன் செய்தேன். சிவநேசன் எடுத்தார்.

"முடிஞ்சுது அண்ணை! நீங்கள் பிளேன் ஏறின உடனை கையெழுத்து வைச்சிட்டினம். ஏஜென்சி இல்லை. எல்லாரையும் திருப்பி எடுக்கினம்."

"பவானி?"

"படுத்திருக்கிறா. சாப்பிட்டவ. மரியா வெளியிலை வந்த கையோடை சூப் ஊத்திக் கொண்டுவந்து நீட்டினவவாம். இவ கோழி போட்டதோ எண்டு கேட்டவவாம். இல்லை, உனக்கெண்டு மரக்கறி மட்டும்தான் எண்டு அவ சொல்ல, வாங்கிக் குடிச்சிட்டு, மிச்சத்தை மரியாவின்ர கையிலை குடுத்து, இனி நீங்களும் குடியுங்கோ எண்டவவாம். மரியா ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து ஒண்டும் சாப்பிடேல்லையாம் அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பவானி மட்டும் கண்டு வைச்சிருந்திருக்கிறா."

போனை வைத்தேன். ஞாயிறு காலை நான் பதினொரு கறியோடு சாப்பிட்டதும், இரவு மீதியிருந்ததைச் சூடாக்கிச் சாப்பிட்டதும் நினைவுக்கு வந்தன. ஒரு கடையில் பன் ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பையில் என் புத்தகத்தின் பிரதி ஒன்று இருந்தது, விசா மறுக்கப்படும் முன் சிகாகோவில் யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தது. ஐம்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். 'அவர் இருபத்தைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்.' அடுத்த பதிப்புக்கு ஏதாவது சேர்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். விமானத்துக்கு அழைக்கும்வரை பேனா திறந்தபடியே இருந்தது. அந்த வரி ஐந்தே சொல். புத்தகம் எழுதிய அன்று அதை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.